பழங்கணினியின் சிறு விளக்கு

பெரிய அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரியதாயிருந்த கணினி, வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது 1970களின் பிற்கூற்றிலும் 1980களிலுமாகும். அக்காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றிற்குத் தனித்திரை கிடையாது. விசைப்பலகையும் கணினியும் ஒன்றாயமைந்த தட்டையான பெட்டி ஒன்று. அதனை வீட்டுத் தொலைக்காட்சியுடன் தொடுத்துவிட்டால் எழுத்துக்கள் திரையிலே தோன்றும். வேண்டிய நிகழ்ச்சித்திட்டம் ஒலிநாடாவிலிருந்தோ நெகிழ்வட்டிலிருந்தோ உள்ளே செல்லும். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த கொமடோர் 64 அவ்வகையில் உலகெங்கும் பெயர்பெற்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலே, கடல்கடந்து சென்ற மாமனோ சித்தப்பனோ கொண்டுவந்து கொடுத்த அத்தகைய பெட்டியொன்று இன்றும் தூசி படிந்து கிடக்கக்கூடும்.

அதற்கு மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு மூலையிலே சிவப்பாய் ஒரு சிறு விளக்கு ஒளிரும். பெட்டிக்கு உயிர் இருக்கின்றது என்பதற்கு அதுவே முதற் சான்று. பழங்கணினிகளைத் தேடியெடுத்துத் துடைத்து மீண்டும் இயக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களிற் சிலர் அச்சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு நீலம், வெள்ளை, ஊதா முதலிய வேறு நிற விளக்குகளைப் பொருத்துகின்றனர். பார்வைக்கு இது ஒரு சிறு அலங்காரம் போலத் தோன்றும். ஆயினும், அவ்விளக்கு ஏன் சிவப்பாய் இருந்தது என்பதையும், அது எதனை அறிவித்துக்கொண்டிருந்தது என்பதையும் அறியாமல் மாற்றுவோர், நிறத்தை மாத்திரமன்றி வேறு சிலவற்றையும் இழந்துவிடுகின்றனர்.

முதலில் விளக்கின் இயல்பைப் பார்ப்போம். பாடநூல்கள் இதனை ஒளிகாலும் இருவாயி என்று கூறும், கடைத்தெருவில் எல்.ஈ.டி. என்றாற்றான் விளங்கும். சாதாரண மின்குமிழிலே மெல்லிய தங்குதன் இழை சூடேறி வெண்தழலாகி ஒளி தருகின்றது. ஒளிகாலும் இருவாயியில் இழையும் இல்லை, தழலும் இல்லை. இரு வேறு தன்மையுடைய குறைகடத்திப் பகுதிகள் சேருமிடத்தில் மின்னோட்டம் பாயும்போது, இலத்திரன்கள் தம் சத்தியின் ஒரு பகுதியை ஒளியாக விடுகின்றன. எவ்வளவு சத்தி விடப்படும் என்பதை அக்குறைகடத்திப் பொருளே தீர்மானிக்கின்றது. சத்தி குறைவாயின் சிவப்பு. கூடினால் மஞ்சள், பச்சை. மேலும் கூடினால் நீலம். எனவே இவ்விளக்கின் நிறம் மேற்பூச்சினால் வந்ததன்று. பொருளின் உள்ளேயிருந்து வருவது.

இதை விளங்கிக்கொள்ளாதோர் செய்யும் முதல் முயற்சி, பழைய சிவப்பு விளக்கின்மீது நீலக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பார்ப்பதாகும். வெசாக் கூட்டினுள் வெள்ளைக் குமிழை வைத்து நீலத்தாள் ஒட்டினால் கூடு நீலமாகவே தெரிகின்றது. ஆடிவேல் ஊர்வலத்திற்குக் கட்டும் பந்தல்களிலும், பழைய வால்வு வானொலிப் பெட்டியின் நிலையப் பலகையிலும் வெவ்வேறு நிறங்கள் இவ்வாறே உண்டாக்கப்பட்டன. இழைக் குமிழின் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால், தாள் தனக்கு வேண்டிய நிறத்தை விட்டு மற்றவற்றைத் தடுத்துவிடுகின்றது. சிவப்பு இருவாயியின் ஒளியிலோ சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நீலத்தாள் அதனையும் தடுத்துவிட்டால் எஞ்சுவது இருள்தான். நிறம் மாறவேண்டுமாயின் விளக்கையே மாற்றவேண்டும்.

கட்புலனாகும் சிவப்பொளியைக் காலும் இருவாயியை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலே நிக் ஹொலொனியாக் ஆக்கிக் காட்டினார். காலியம், ஆசனிக்கு, பொசுபரசு ஆகிய மூலகங்கள் சேர்ந்த பளிங்கு அது. 1968இல் மொன்சாண்டோ நிறுவனம் இச்சிவப்பு விளக்குகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1972இல் ஜோர்ஜ் கிராபோர்டு மஞ்சள் நிற விளக்கை ஆக்கினார். காலியம் பொசுபைட்டினால் இளம்பச்சையும் கிடைத்தது. நீலம் மட்டும் நெடுங்காலம் கைக்கெட்டவில்லை. மங்கலான நீல விளக்குகள் ஆய்வுகூடங்களிலும், பின்னர் அதிக விலைக்கும் இருந்தனவேயன்றி, வீட்டுப் பொருளிற் பொருத்தக்கூடியதாய் எதுவும் இருக்கவில்லை. யப்பானிலே ஷூஜி நகமுரா காலியம் நைத்திரைட்டைக் கொண்டு பிரகாசமான நீல விளக்கை ஆக்கியது 1993இலாகும். அப்பணிக்கு வழிவகுத்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே 1982இல் ஒரு கணினியை வடிவமைத்தவரின் முன்னே சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் மூன்றே நிறங்கள் இருந்தன. அவற்றுள் சிவப்பு மலிவானது. உண்மையில் சிவப்பு அவ்விடத்திற்கு அவ்வளவு பொருத்தமான நிறமுமன்று. வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்திலே சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கவேண்டும். காலி வீதிச் சந்தியிலும் அப்படியே. எல்லாம் சீராக இருக்கின்றன என்று கூறுவதற்கு, நிற்க என்னும் நிறத்தைத் தெரிந்தெடுத்தது விலையின் காரணமாகவேயன்றி வேறொன்றால் அன்று. பழக்கமோ வலியது, பிற்காலத்தவர்க்குச் சிவப்பு விளக்கே அக்காலக் கணினியின் முகமாயிற்று.

இவ்விடத்தில் கொழும்புக்குரிய ஒரு செய்தியையும் சொல்லலாம். கணினியின் செவ்விளக்கு என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது, ‘2001’ என்னும் திரைப்படத்தில் வரும் ஹால் என்ற கணினியின் சிவந்த கண். ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து, கொழும்பு பார்ன்ஸ் பிளேஸ் இல்லத்தில் நெடுங்காலம் வசித்து, 2008இல் இங்கேயே காலமானவர். அப்படம் வெளிவந்த ஆண்டும் 1968தான். சிவப்பு இருவாயிகள் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்த அதே ஆண்டு. 1984இல் வெளியான அதன் தொடர்ச்சிப் படத்திற்கான ஆயத்தக் காலத்தில், கிளார்க் கொழும்பிலும் நெறியாளர் பீற்றர் ஹயம்ஸ் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, கேப்ரோ 2 என்னும் கணினிகளைத் தொலைபேசி வழியாக இணைத்துக் கடிதம் பரிமாறினர். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. கேப்ரோ, எழுத்து வேலைக்கெனச் செய்யப்பட்ட உலோகப் பெட்டி. அதன் இரு வட்டுச் செலுத்திகளின் முகப்பிலும் இருந்தவை சிறு சிவப்பு விளக்குகளே. கண்டங்களைக் கடக்க வேண்டிய கடிதம் வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பதை எழுதுபவருக்கு அறிவித்தவை அவைதாம்.

இனி, விளக்கை மாற்றும் கணக்குக்கு வருவோம். பழங்கணினிகளின் சுற்று பெரும்பாலும் 5 வோல்ற்றில் இயங்குவது. சிவப்பு விளக்கு ஒளிர அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 1.8 வோல்ற்று வேண்டும். மிகுதி 3.2 வோல்ற்றை விளக்குடன் தொடராக வைத்த தடையி ஏற்றுக்கொள்ளும். தடையி 330 ஓம் எனக் கொண்டால், 3.2ஐ 330ஆற் பிரிக்க, மின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லியம்பியர். இத்தடையி இல்லாவிடின் மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகி விளக்குக் கருகிவிடும். இப்போது அதே இடத்தில் நீல விளக்கைப் பொருத்துவதாகக் கொள்க. அதற்கு 3.2 வோல்ற்று வேண்டும். தடையிக்கு மிஞ்சுவது 1.8 வோல்ற்று மட்டுமே, மின்னோட்டம் 5.5 மில்லியம்பியருக்கும் குறைந்துவிடும். விளக்கு மங்கிவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்.

நடப்பது வேறு. விளக்கு கண்ணைக் குத்தும். இன்றைய நீல விளக்குகள், 40 ஆண்டுகளுக்கு முன்னிருந்த சிவப்பு விளக்குகளைவிடப் பன்மடங்கு திறனுடையன. பாதி மின்னோட்டத்திலேயே அவை அறை முழுவதையும் நீலமாக்கிவிடும். அன்றியும், இருளிற் பார்க்கும்போது மனிதக் கண் சிவப்பைவிட நீலத்தையே கூடுதலாக உணரும். இரவில் விளக்கணைத்த சிறிய அறையிலே அத்தகைய நீலப்புள்ளி எவ்வளவு இடைஞ்சலானது என்பதைப் பட்டவர் அறிவர். ஆகவே இங்கே செய்யவேண்டியது தடையியைக் குறைப்பதன்று, கூட்டுவதே. 1000 ஓம் தடையியை வைத்தால் மின்னோட்டம் 2 மில்லியம்பியரிலும் சற்றுக் குறையும். அதுவே போதும், சிலவகை விளக்குகளுக்கு அதுவும் அதிகம். வெள்ளை விளக்கிற்கும் இதே கணக்குத்தான். வெள்ளை என்பது நீல விளக்கின்மீது மஞ்சளாய் ஒளிரும் ஒருவகைப் பொடியைப் பூசி ஆக்கியதேயாகும்.

பச்சையில் இரு வகை உண்டு என்பதையும் கவனிக்கவேண்டும். பழைய காலியம் பொசுபைட்டுப் பச்சை, மாவிலைத் தளிர் போன்ற மஞ்சள் கலந்த பச்சை; 2.1 வோல்ற்றளவிலே எரியும். புதிய வகை மரகதப் பச்சை. நீலத்தைப் போலவே 3 வோல்ற்றுக்கு மேல் கேட்கும். பழைய பச்சை விளக்குப் பழுதானால் அதற்கு ஈடாகப் புதிய வகையை வைத்துவிட்டு, நிறம் ஒத்துவரவில்லையே என்று வருந்துவோர் பலர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுப் பொருட் கடைகளிலே பச்சை விளக்கு என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் எனக் கூறமுடியாது. 3 வோல்ற்று நாணய மின்கலம் ஒன்றைக் கொண்டுசென்று விளக்கின் இரு கால்களுக்கிடையே பிடித்துப் பார்த்து வாங்குவதே நன்று. நீண்ட கால் மின்கலத்தின் நேர்முனைக்குச் செல்லவேண்டும். மாறிப் பிடித்தால் விளக்கு எரியாது, அதனாற் கேடுமில்லை.

கணக்குச் சரியாகிவிட்டது என்பதனால் வேலை முடிந்துவிடவில்லை. விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்ற கேள்வி இருக்கின்றது. கொமடோர் 64இல் அது மின்சாரம் உண்டு என்பதை மட்டும் கூறுவது; அதனை எந்த நிறமாக்கினாலும் பொருள் கெடாது. அதே நிறுவனத்தின் 1541 வட்டுச் செலுத்தியில் நிலைமை வேறு. அங்கே பச்சை விளக்கு மின்சாரத்தைக் குறிக்கும். சிவப்பு விளக்கு வட்டு சுழன்று வேலை நடப்பதைக் குறிக்கும். சிவப்பு விட்டுவிட்டு மின்னினால் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்பது பொருள். வட்டு இயங்கும்போது அதனை வெளியே இழுத்தாற் பதிவு சிதைந்து போகலாம். அழகுக்காக இரண்டையும் ஒரே நீலமாக்கியவர், ஓராண்டு கழித்து அப்பெட்டியை முதன்முதலாகத் தொடும் பிள்ளைக்கு எதை எடுத்துச் சொல்லுவார்? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர்க்கு, ஒன்றை மட்டும் நீலமாக்குவது உதவியாக அமையும். இரண்டையும் ஒன்றாக்குவது எவருக்கும் உதவாது.

1987இல் வந்த அமிகா 500 இன்னும் நுட்பமானது. அதன் சிவப்பு மின் விளக்கு இரு அளவுகளில் ஒளிரும். ஒலியின் உச்சச் சுருதிகளைக் குறைக்கும் வடிகட்டி ஒன்று அக்கணினியில் உண்டு. அவ்வடிகட்டி நீக்கப்பட்டால் விளக்கு மங்கும். மீண்டும் இட்டால் தெளியும். இசைநிகழ்ச்சித்திட்டங்கள் அதனைத் தாமே மாற்றுவதால், பாட்டின் நடுவே விளக்கு மங்கித் தெளிவதைக் காணலாம். கூடிய வோல்ற்றளவு வேண்டும் நீல விளக்கை அங்கே வைத்தால், மங்கவேண்டிய வேளையில் அது முற்றாக அணைந்துவிடக்கூடும். கணினி நின்றுவிட்டது போலும் என்று பார்ப்பவர் ஏமாறுவர். இத்தகைய இடத்தில் பழைய சிவப்பை விட்டுவைப்பதே மேல்.

இதற்கு மாறாக, நிறமாற்றம் பயன் தரும் இடமும் உண்டு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், மக்களுக்குக் கணினிக் கல்வி புகட்டும் பொருட்டு நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கென ஏகோர்ன் நிறுவனத்தைக் கொண்டு ஆக்குவித்த பிபிசி மைக்ரோ, 1981ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதன் விசைப்பலகையில் மூன்று சிவப்பு விளக்குகள் உள்ளன. ஒன்று ஒலிநாடாப் பெட்டியின் மோட்டர் ஓடுவதைக் காட்டும். மற்றை இரண்டும் பேரெழுத்துப் பூட்டு, மாற்றுவிசைப் பூட்டு ஆகியவற்றைக் காட்டும். மூன்றும் ஒரே நிறமாதலின் எது எரிகின்றது என்று குனிந்து பார்க்கவேண்டியுள்ளது. நாடா விளக்கை மட்டும் மஞ்சளாக்கினால், நிகழ்ச்சித்திட்டம் உள்ளே செல்கின்றதா இல்லையா என்பது அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும். ஆனால் இங்கே ஓர் இடையூறு. இவ்விளக்குகள் விசைப்பலகையின் சுற்றுப்பலகையிலேயே பற்றாசு பிடிக்கப்பட்டுள்ளன. பழைய பலகைகளில் செப்புக் கோடுகள் சூடு தாங்காமல் உரிந்து எழும்பும். பற்றாசுக் கோலை ஒரு காலின்மேல் சில விநாடிகளுக்கு மேல் வைக்கலாகாது. புதிய ஈயத்தைச் சிறிதளவு முதலில் இட்டு, பழைய ஈயம் இளகிய பின் அதனை உறிஞ்சியெடுத்து, கால் தானாக அசையும் வரை பொறுத்திருக்கவேண்டும். இழுத்துப் பிடுங்கினால் கோடும் கூடவே வரும். கைப்பழக்கம் இல்லாதவர், உடைந்த வானொலியின் பலகையொன்றில் பத்து முறை பழகிவிட்டு இதனைத் தொடுவது நலம்.

கொமடோர் 64இல் அத்தொல்லை இல்லை. அதன் விளக்கு மேல்மூடியில் ஒரு கறுப்புப் பிடியிற் செருகப்பட்டு, கம்பியாலும் சிறு செருகியாலும் தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டுள்ளது. கீழேயுள்ள திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கி, செருகியைப் பிடுங்கி, பிடியிலிருந்து விளக்கைப் பின்புறமாக அமுக்கினால் வெளியே வந்துவிடும். பழைய விளக்கின் கம்பியை வெட்டவேண்டியதில்லை. 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள புதிய விளக்கு, மேலதிகத் தடையி, வேறொரு செருகி ஆகியவற்றைக் கொண்டு தனிக் கம்பியொன்றைத் தயாரித்து, வெறுங்கம்பி எங்கும் தெரியாதவாறு காப்புறை இட்டுப் பொருத்திவிடலாம். தாய்ப்பலகையில் ஒரு துளி ஈயமும் படவேண்டியதில்லை. பிடிக்கவில்லையாயின் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். மீளமுடியாத மாற்றத்தைப் பழம்பொருளில் செய்யாதிருப்பதற்கு இதனிலும் எளிய வழி இல்லை.

விளக்கின் நிறத்தைப் பற்றிச் சிந்திக்குமுன் பார்க்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது சுவரிலுள்ள 230 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கிக் கொடுக்கும் மின்வழங்கிப் பெட்டி. கொமடோர் 64உடன் வந்த பழைய பெட்டிகளில் பல, உள்ளே பிசின் ஊற்றி இறுக்கப்பட்டவை. திறந்து திருத்த முடியாதவை. அவை முதுமையடைந்து பழுதாகும்போது வோல்ற்றைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுவதுண்டு. 5 வோல்ற்று வரவேண்டிய வழியில் 6, 7 என ஏறினால் நினைவகச் சில்லுகள் அக்கணமே கெடும். அச்சில்லுகள் இன்று எளிதிற் கிடைப்பனவல்ல. அலுமாரியிலிருந்து இறக்கிய பெட்டியை ஆவலினால் உடனே செருகிப் பார்த்து, அந்த ஒரே பார்வையிலேயே அதனை இழந்தோர் உண்டு. ஆகவே முதலில் மின்வழங்கியை மட்டும் இயக்கி, மானியினால் அளந்து, சரியாயின் மாத்திரமே கணினியுடன் தொடுக்கவேண்டும். இன்னும் நன்று புதிய மின்வழங்கி ஒன்றை வாங்குவது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாயின் அதன் மின்வழங்கி 120 வோல்ற்றுக்குரியது. இங்குள்ள சுவரிற் செருகவே கூடாது. அதன் படமும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்குரியதாதலால், பால் முறையைப் பின்பற்றும் இலங்கைத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒழுங்காகத் தோன்றாமற் போகலாம். பழைய குழாய்வகைத் தொலைக்காட்சியின் உட்புறத்தையோ, மின்வழங்கியின் உட்புறத்தையோ பயிற்சியற்றோர் திறத்தல் உயிருக்கு ஆபத்து. விளக்கு வேலை 5 வோல்ற்றுடன் நிற்பது. செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் செய்தால் அதில் அச்சமில்லை.

கடலோர வீடுகளுக்கென ஒரு குறிப்பு. வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் துறைமுகம். உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும். விளக்கின் கால்கள் கறுத்துப்போகும். செருகியின் ஊசிகளில் பச்சை படரும். பழைய விளக்கு எரியவில்லை என்றவுடன் அது பழுதாகிவிட்டதெனக் கருதிப் புதியதை வாங்க ஓடுவது வழக்கம். பல வேளைகளில் விளக்கு நன்றாகவே இருக்கும்; செருகியைச் சுத்தமான மதுசாரத்தில் தோய்த்த துணியினால் துடைத்து மீண்டும் செருகினால் எரியும். ஒளிகாலும் இருவாயி மிக மெதுவாகவே மங்குவது. 40 ஆண்டு கடந்தும் எரிகின்ற சிவப்பு விளக்குகள் ஏராளம்.

கழற்றிய பழைய விளக்கை, அதன் கம்பியும் செருகியும் பிடியும் பிரியாதபடி ஒரு கடித உறையிலிட்டு, எந்தக் கணினிக்குரியது, எந்நாளிற் கழற்றப்பட்டது, புதிய விளக்குடன் சேர்த்த தடையி எத்தனை ஓம் என்பவற்றை உறையின்மேல் எழுதிவைக்கவேண்டும். உறையைக் கணினியின் உள்ளே வைக்கலாகாது. அங்கே சூடு உண்டு, காற்றோட்டத்தையும் அது தடுக்கும். பெட்டியின் அடிப்புறத்தில் ஒட்டிவைப்பதே வசதியானது. அடுத்து அதனைத் திறப்பவர் திருகாணிகளைத் தேடிப் பெட்டியைக் கவிழ்க்கும்போது, முதலில் அவ்வுறைதான் கண்ணிற் படும்.